யார் சார்பு, மக்ளே?

நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு நான் ஒரு விடை சொன்னேன்.

அஞ்சு.

ரெண்டுக்கும் அஞ்சு.

எங்க அக்கா மவ (பதினொண்ணாம் கிளாஸ் படிக்கா) நோட்டைப் பாத்தா. என்னையப் பாத்தா. பொறவு ரொம்ப மரியாதையா கேட்டா, "அப்போ ரெண்டும் மோதவே இல்லையா மாமா?"

அடுப்படியில இருந்து அக்கா சிரிக்க சத்தம் கேட்டுச்சு. அவளுக்கு இயற்பியல் தெரியாது. தம்பி மாட்டிக்கிட்டான்னு மட்டும் தெரியும்.

நான் போனது சும்மாதான். ஒழுகினசேரியில அக்கா வீடு. ஆபீஸ் விட்டு வாற வழியில ரசவடை வாங்கிட்டுப் போனேன். (நாகர்கோவிலுக்கு வெளிய இருக்கவங்களுக்கு: ரசத்துல ஊறின பருப்பு வடை. ஊறினதும் தின்னுரணும். பாத்துக்கிட்டே இருந்தா கரைஞ்சிரும்.) வடையைத் தின்னுட்டு கிளம்பியிருக்கலாம். "மாமா, இதொண்ணு சொல்லித் தாங்க"ன்னு பிள்ளை நோட்டை நீட்டிட்டா. மாமன்னா சும்மாவா? சட்டைக் கையை மடிச்சுவிட்டு உக்காந்தேன்.

கணக்கு இதுதான்.

2 கிலோ வண்டி ஒண்ணு கிழக்க போகுது, நொடிக்கு 5 மீட்டர். எதிர்ல 3 கிலோ வண்டி மேக்க வருது, அதுவும் நொடிக்கு 5 மீட்டர். நேருக்கு நேர் மோதுது. மீட்சி மோதல், அதாவது இயக்க ஆற்றல் துளிகூட சேதாரம் ஆகாது. மோதின பொறவு எது எந்த வேகத்துல போகும்?

நமக்கு வேலையே கணக்கு எழுதுததுதான். பத்தொம்பது வருசமா பற்று வரவு, பற்று வரவு. ரெண்டு வண்டிக் கணக்கு என்ன பெரிய கணக்கு?

உந்தம்: 2×5, 3×5. மொத்தம் 25.
ஆற்றல்: முதல் வண்டிக்கு 25, அடுத்த வண்டிக்கு 37.5. மொத்தம் 62.5.

மோதின பொறவும் 25-ம் 62.5-ம் வரணும். என்னென்னமோ போட்டுப் பாத்தேன். கடைசியில ரெண்டுக்கும் அஞ்சு போட்டா கச்சிதமா டாலி ஆகுது. டாலி ஆயிட்டுன்னா பேனாவை மூடிரணும், அதுதான் எங்க தொழில் தர்மம்.

மூடினேன். அப்பதான் அந்தக் கேள்வி வந்துச்சு.

"மேக்க வாறது மைனஸ்லா மாமா?"

ஆமா, மைனஸ்தான். எதிரும் புதிருமா வாற ரெண்டு வண்டியையும் நான் ஒரே பக்கம் திருப்பி விட்டிருக்கேன். ஒரே திசை, ஒரே வேகம். எப்படி மோதும்? ரெண்டும் கைகோத்துக்கிட்டு கன்னியாகுமரிக்கு சூரிய உதயம் பாக்கப் போகுது. பத்தொம்பது வருசம் கணக்கு எழுதினவன் பற்றைத் தூக்கி வரவுல போட்டுட்டேன். ஆபீஸ்ல இதைச் செஞ்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாவ.

செரி, ரெண்டாவது முயற்சி.

கிழக்கு பிளஸ், மேக்கு மைனஸ். மொத்த உந்தம் 10 கழித்தல் 15, அதாவது −5. ஆற்றல் பழையபடி 62.5 (வர்க்கம் ஆக்கினா மைனஸ் ஓடிரும், அது ஒரு சமாதானம்). முதல் வண்டியோட புது வேகத்துக்கு 'அ'ன்னு பேரு, அடுத்ததுக்கு 'ஆ'. ஒண்ணைப் பிடிச்சு இன்னொண்ணுல போட்டு, வர்க்கம் விரிச்சு, மூணால பெருக்கி, ஒரு எடத்துல தப்பி, அடிச்சு, திரும்ப எழுதி... முக்கா மணி நேரம். நோட்டுல ஒரு முழுப் பக்கம். கடைசியில வந்துச்சு:

அ² + 2அ − 35 = 0

காரணிப்படுத்தினா (அ + 7)(அ − 5). விடை ஒண்ணு −7. இன்னொண்ணு... 5.

திரும்பவும் அஞ்சு!

"வேகம் மைனஸ்ல வருமா? அஞ்சை எடு"ன்னேன்.

"திசைவேகம் வரும் மாமா. புத்தகத்துக்குப் பின்னால −7-ன்னுதான் போட்டிருக்கு."

இந்த மட்டும் வாங்கினது காணும்னு கிளம்பிட்டேன். ஆனா வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு உறக்கம் வரல்ல. −7 புரியுது. எடை கொறஞ்ச வண்டி எடை கூடின வண்டியில முட்டி வேகமா திரும்பி ஓடுது. கனத்த வண்டியும் திரும்பி, பைய 3 மீட்டர் வேகத்துல போகுது. ஆனா இந்த அஞ்சு எதுக்குக் கூடவே வந்து நிக்குது?

ராத்திரி ஒண்ணரை மணிக்கு வெளிச்சம் வந்துச்சு. (உண்மையிலேயே. கரண்ட் போயிருந்தது.)

சமன்பாட்டுக்கு மோதல்னா என்னன்னே தெரியாது. அது பாக்குதது தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் மட்டும். உந்தம் டாலியா? ஆற்றல் டாலியா? செரி, போ. ஒரு நாள் முழுக்க கடையில ஒரு வியாபாரமும் நடக்கலேன்னாலும் பேரேடு டாலி ஆகத்தானே செய்யும்? அந்த அஞ்சு அதுதான். ரெண்டு வண்டியும் மோதாமலே, ஒண்ணை ஒண்ணு பேய் மாதிரி ஊடுருவிப் போனாலும் கணக்கு சரியா வரும். எந்த மீட்சி மோதல் கணக்கை இப்படி நீட்டிப் போட்டாலும் ஒரு விடை இந்தப் பேயாத்தான் இருக்கும். நான் பேயைப் பிடிச்சுக் காட்டி இதுதான் விடைன்னு சொல்லியிருக்கேன்.

இது தெரிஞ்சதும் எனக்குள்ள ஒரு சந்தோசம். கூடவே எரிச்சலும்.

எரிச்சல் எதுக்குன்னா, பிள்ளையோட டியூசன் நோட்டு. (எந்த டியூசன்னு கேக்காதீங்க.) அதுல ரெண்டு சூத்திரம் கட்டம் கட்டி எழுதியிருக்கு. முதல் நிறை கழித்தல் ரெண்டாம் நிறை, கீழ மொத்த நிறை, அதைப் பழைய வேகத்தால பெருக்கி, அதோட ரெண்டு மடங்கு ரெண்டாம் நிறையைக் கூட்டி... பக்கத்துல சிவப்பு மையில "மனப்பாடம்". ரெண்டு மட்டம் அடிக்கோடு.

எதுக்குடே மனப்பாடம்? பிள்ளை அதை மனப்பாடமும் பண்ணியிருக்கா. தப்பா. கழித்தல் எந்தப் பக்கம்னு மாறிப் போச்சு. மாறிப் போனதைக் கண்டுபிடிக்க வழியும் இல்ல, ஏன்னா அது எங்க இருந்து வந்துச்சுன்னே யாரும் சொல்லல.

இப்போ சார்புக்கு வாறேன்.

பாடப் புத்தகத்துல 'சார்புத் திசைவேகம்'னு இருக்கும். சார்புன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது சார்பு ஆய்வாளர். ஹெல்மெட் போடாம அவர்கிட்ட மாட்டினது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்லுதேன். ரெண்டாவது, கல்யாண மண்டபத்துல கேக்க கேள்வி: "நீங்க யார் சார்பு? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

யோசிச்சுப் பாத்தா அந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். நீ யார் சார்பா நின்னு பாக்க?

ரயில்ல எல்லாரும் பாத்திருப்போம். எங்க ஊருக்கு ரயில் வந்ததே 1979-லதான். ரொம்ப காலம் ஒத்தை லைன். கிராசிங்குக்கு வண்டியை நிப்பாட்டிருவாவ. ஆரல்வாய்மொழியில மலைக்காத்து வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கணும். பக்கத்து லைன்ல எதிர் வண்டி வந்து நிக்கும். கொஞ்ச நேரத்துல ஜன்னல் பைய நகரும். எதிர்ல இருந்த பாட்டி ஒரு மட்டம் கேட்டாவ, "வண்டி எடுத்துட்டானா மக்ளே?" நானும் ஆமான்னேன். அந்த வண்டியோட கடைசிப் பெட்டி போனதும் பாத்தா, அந்தப் பக்கம் ஆலமரம் நின்ன இடத்துலயே நிக்குது. போனது அவன். நாங்க அங்கனயேதான்.

பாட்டி என்னை நம்பாத பார்வை ஒண்ணு பாத்தாவ. ஆனா நான் சொன்னது தப்பில்ல. அந்த வண்டி சார்பா நின்னா நாங்க போயிட்டுத்தான் இருந்தோம்.

கணக்கும் அப்படியே. ரெண்டு ரயில், ஆளுக்கு 72 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு 20 மீட்டர். (5-ஆல பெருக்கி 18-ஆல வகுக்கணும். நான் ஸ்கூல்ல தலைகீழா செஞ்சு பாசஞ்சர் வண்டியை நொடிக்கு 259 மீட்டர்ல விட்டிருக்கேன். விமானமே தோத்திரும்.) எதிர் வண்டியோட நீளம் 400 மீட்டர். பிளாட்பாரத்துல நிக்கவனைத் தாண்ட அதுக்கு 20 நொடி. எங்க ஜன்னலைத் தாண்ட 10 நொடி. எங்க சார்புல அவன் வேகம் 40. அவன் சார்புல எங்க வேகம் 40. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குத்தம் சொல்லுவாவ, ரெண்டு பேரு சொல்லுததும் உண்மை.

(சம்பந்தி சண்டையும் இப்படித்தான்னு அக்கா சொல்லுதா. நான் ஒண்ணும் சொல்லல.)

இதை மோதல் கணக்குக்குள்ள கொண்டு போங்க. இதுக்குத்தான் இவ்வளவு சுத்து.

நம்ம ரெண்டு வண்டியும் மோதுததுக்கு முன்னால ஒண்ணை ஒண்ணு நெருங்குத வேகம் 10. மோதின பொறவு −7-ம் 3-ம். விலகுத வேகம்? அதுவும் 10.

தற்செயல் கிடையாது. மீட்சி மோதல்னா எப்பவும் இப்படித்தான். பத்தா வந்தா பத்தாத்தான் பிரியும். எடை எவ்வளவா வேணா இருக்கட்டும்.

ஏன்? பேரேட்டை வேற மாதிரி எழுதிப் பாருங்க. முதல் வண்டி கொடுத்தது, ரெண்டாவது வண்டி வாங்கினது.

உந்தத்துல: 2(5 − அ) = 3(ஆ + 5)
ஆற்றல்ல (ரெண்டு பக்கமும் இருக்க அரையை அடிச்சுட்டு): 2(5 − அ)(5 + அ) = 3(ஆ + 5)(ஆ − 5)

ரெண்டாவதை முதலால வகுத்தா பாதி அடிபட்டுப் போயிரும். மிச்சம்: 5 + அ = ஆ − 5. அதாவது ஆ − அ = 10. தீந்துச்சு. வர்க்கம் போச்சு. உந்தக் கணக்குல போட்டா 5அ = −35. அ = −7. ஆ = 3. ரெண்டு வரி!

இதுல ஒரு குசும்பு இருக்கு கேட்டேளா. (5 − அ)-ஆல வகுக்கோம்லா? அது பூச்சியமா இருந்தா வகுக்கக் கூடாது. அப்போ வகுக்கும்போதே நாம என்ன சொல்லுதோம்? அ அஞ்சு கிடையாது, மோதல் நடந்திருக்குன்னு சொல்லுதோம். அந்த ஒத்தை வகுத்தல்ல பேய் ஓடிரும். முக்கா மணி நேரம் நான் பேயையும் சேத்து முதுகுல சுமந்துகிட்டு நடந்திருக்கேன்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காலையிலேயே திரும்ப அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். ("வடை வாங்கலியா?"ன்னு கேட்டா அக்கா. காலையில எங்க வடை!) பிள்ளைகிட்ட நேத்து ராத்திரிப் பேய்க்கதையைச் சொன்னேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி கேரம் போர்டை எடுத்துட்டு வந்தா.

நல்ல முடிவு. ஸ்ட்ரைக்கர் 15 கிராம். காயின் அஞ்சு, அஞ்சரை கிராம். அஞ்சுன்னு வச்சுக்கிட்டா சரியா மூணு மடங்கு. ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர்ல போயி சும்மா இருக்க காயினை நேரா அடிக்குன்னு வைங்க. காயின் என்ன வேகத்துல போகும்?

பிள்ளை 2-ன்னா. நான் ரெண்டைத் தாண்டாதுன்னேன். அடிச்சவனை விட அடி வாங்கினவன் வேகமாப் போக முடியுமா?

போகும். காயின் 3-ல போகும். ஸ்ட்ரைக்கர் பின்னாலயே 1-ல போகும். நெருங்கினது 2, விலகுதது 3 கழித்தல் 1, அதுவும் 2. உந்தம் 15×2, 30. பொறவு 15×1-ம் 5×3-ம், 30. ஆற்றலும் நீங்களே போட்டுப் பாருங்க, காயினுக்கு முக்கால் பங்கு போயிருது.

அடிச்சுப் பாத்தோம். ஸ்ட்ரைக்கர் உண்மையிலேயே பின்னால பைய நகந்து போகுது, காயின் முன்னால பறக்குது. எத்தனை வருசமா கேரம் ஆடுதோம். ஸ்ட்ரைக்கர் பின்னாலயே போயி குழிக்குள்ள விழுந்து ஃபவுல் ஆகும்போதெல்லாம் அதிர்ஷ்டத்தைத் திட்டியிருக்கேன். அது மூணுக்கு ஒண்ணு கணக்கு. (முழுக்க மீட்சி மோதல் கிடையாது. 'டக்'குன்னு சத்தம் கேக்குதுலா, அந்த சத்தமே கொஞ்சம் ஆற்றலைத் தின்னுதான் வருது. போர்டோட உராய்வு வேற. அதுக்குத்தான் போரிக் பவுடர்.)

கேரம்னதும் சொல்லாம இருக்க முடியல. 1991-லயும் 1995-லயும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். அர்ஜுனா விருது வாங்கினவரு. 2024-ல அமெரிக்காவுல உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா, சென்னைப் பிள்ளை, அப்பா ஆட்டோ டிரைவர். இவங்க விரல் நுனிக்கு நெருங்குத வேகமும் விலகுத வேகமும் நல்லாவே தெரியும். பரீட்சையில எழுதச் சொல்லித்தான் யாரும் கேக்க மாட்டாவ.

இன்னும் ஒரு படி சுலபமான வழி இருக்கு. அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. பஞ்சாயத்து வழி.

சண்டை போடுத ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தர் இருப்பாருலா, ரெண்டு பக்கமும் சாயாதவரு? மோதல்லயும் ஒருத்தர் உண்டு. புத்தகத்துல நிறை மையம்னு சொல்லுவாவ. அவரோட வேகம்: மொத்த உந்தத்தை மொத்த நிறையால வகுக்கணும். நம்ம கணக்குல −5-ஐ 5-ஆல வகுத்தா −1. அவரு நொடிக்கு 1 மீட்டர்ல மேக்க நடந்துகிட்டே பாக்காரு. அவரு சார்புல முதல் வண்டி 6-ல வருது, ரெண்டாவது வண்டி 4-ல எதிர்ல வருது. மோதினதும்? வந்த வேகத்துலயே திரும்பிப் போகுது. 6-ல வந்தது 6-ல, 4-ல வந்தது 4-ல. அவ்வளவுதான். அவரு முன்னால எல்லாரும் ஒழுங்கு.

அதைத் தரைக்கு மாத்தினா −7, 3.

சுருக்கிச் சொன்னா: நடுவர் வேகத்தை ரெண்டு மடங்காக்கு, பழைய வேகத்தைக் கழி. −2 கழித்தல் 5, −7. −2 கழித்தல் −5, 3. அந்தச் சிவப்பு மைச் சூத்திரம் முழுக்க இதுக்குள்ள இருக்கு. மறந்தாலும் திரும்ப உண்டாக்கிக்கலாம்.

நான் என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி பீத்திக்கிட்டேன். கொஞ்சம் தேடிப் படிச்சா, முன்னூத்தம்பது வருசத்துக்கு முன்னாலயே ஒருத்தர் இதைச் செஞ்சு முடிச்சிருக்காரு. கிறிஸ்டியான் ஹைகென்ஸ். பன்னிரண்டாம் கிளாஸ்ல அலைமுகப்புன்னு நம்மள வதைச்சாருலா, அவரேதான். டச்சுக்காரர்.

(டச்சுக்காரன்னா எங்களுக்கு 1741 குளச்சல் போர்தான். மார்த்தாண்டவர்மாகிட்ட தோத்துப் பிடிபட்ட டி லனாய் பொறவு அவருக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள்ள கல்லறையில கிடக்காரு. டச்சுக்காரன்கிட்ட இருந்து நாங்க பீரங்கிப் பயிற்சியை எடுத்துக்கிட்டோம், இயற்பியலை விட்டுட்டோம்.)

அவருக்கு முன்னால தெகார்த்தே மோதலுக்கு ஏழு விதி எழுதி வச்சிருந்தாரு. அதுல ஒண்ணு, சின்னப் பொருள் எவ்வளவு வேகமா வந்து முட்டினாலும் சும்மா இருக்க பெரிய பொருளை அசைக்க முடியாதுன்னு. கோலி விளையாடின எந்தப் பயலும் சிரிப்பான். ஹைகென்ஸ் எப்படி மடக்கினாருன்னா, படகை வச்சு. அவரு ஊரு முழுக்க கால்வாய்தானே. கரையோரமா படகு சீரா போகுது. உள்ள ஒருத்தன் ரெண்டு ஒரே எடைக் குண்டை ஒரே வேகத்துல மோத விடுதான். அவன் சார்புல ரெண்டும் வந்தபடி திரும்பிப் போகுது. இதுல யாருக்கும் சந்தேகம் வராது. இப்போ படகும் அந்தக் குண்டோட வேகத்துலயே போகுதுன்னு வச்சு, கரையில நிக்கவன் பாக்கான். அவன் சார்புல ஒரு குண்டு சும்மா இருக்கு, இன்னொண்ணு ரெண்டு மடங்கு வேகத்துல வந்து முட்டி நின்னு போகுது, சும்மா இருந்தது ஓடுது. நாம கோலியில தினமும் பாத்ததுதான்!

ஒரே மோதல். படகுல ஒரு பார்வை, கரையில ஒரு பார்வை. 1669-ல விதிகளை வெளியிட்டாரு. முழுப் புத்தகம் அவரு செத்த பொறவு 1703-லதான் வந்துச்சு.

எங்க மாவட்டத்துலயும் கால்வாய் இருந்துச்சு. திருவிதாங்கூர் ராஜா காலத்துல, 1860-கள்ல, கடலோரமா வெட்டின அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். வள்ளம் போன கால்வாய். இன்னைக்குப் பல இடத்துல தூந்து கிடக்கு. ஹைகென்ஸ் இங்க பிறந்திருந்தா முதல்ல தூர் வார மனு கொடுத்திருப்பாரு.

இதெல்லாம் சொல்லி முடிச்சப்போ பிள்ளை கேட்டா, "இதனால என்ன மாமா பிரயோசனம்?" (இந்தக் கேள்வியை மாமன்மார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு சட்டம் போடணும்.)

ரெண்டு சொன்னேன்.

ஒண்ணு, எதிர்ல வாற பஸ் மேல பந்து எறியாதே. சின்ன வயசுல நாங்க ரோட்டுல கிரிக்கெட் ஆடும்போது ஒரு ரப்பர் பந்து பஸ் முகப்புல பட்டுத் திரும்பிப் பறந்ததை நான் கண்ணால பாத்தேன். பந்து 5 மீட்டர் வேகம், பஸ் 15 மீட்டர் வேகம்னு வைங்க. டிரைவர் சார்புல பந்து 20-ல வருது, 20-ல திரும்புது. ரோட்டுல நிக்க நம்ம சார்புல பஸ்ஸோட 15-ஐயும் கூட்டணும். 35. மணிக்கு 126 கிலோமீட்டர். கையால மெதுவாப் போட்ட பந்து வேகப்பந்து வீச்சாளர் கை பந்தா திரும்பி வருது! (ரப்பர் கொஞ்சம் தின்னுரும், அதனால இதைவிடக் கொஞ்சம் கொறையும். ஆனாலும் மூக்கு ஒண்ணுதான் இருக்கு.) பேட்டு பந்தை அடிக்கதும் இதே கணக்குதான்.

ரெண்டாவது, வானத்துல. 2025 ஜனவரி 16. இஸ்ரோ ரெண்டு செயற்கைக்கோளை விண்வெளியில இணைச்சாவ, ஸ்பேடெக்ஸ். ஒவ்வொண்ணும் 220 கிலோ சுமார். எங்க மாவட்டம் மேலக்காட்டுவிளை நாராயணன் இஸ்ரோ தலைவரா பொறுப்பேத்த அதே வாரம். (அவருக்கு முன்னால 2018-ல இருந்து 2022 வரை தலைவரா இருந்த சிவன், சரக்கல்விளை. எங்க ஊர்ல இதை நாலு மட்டம் சொல்லாம பேச்சு முடியாது.) அந்த ரெண்டும் பூமியைச் சுத்துத வேகம் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேல. கேட்டாலே வெப்ராளம் வருது. ஆனா ஒண்ணு சார்பா இன்னொண்ணோட வேகம்? தொடும்போது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. எறும்பு ஊருத மாதிரி. தரையில இருந்து பாத்தா ரெண்டு தோட்டா, பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டு எறும்பு. தொட்டு ஒட்டிக்கிட்டுதுன்னா அது மீட்சியற்ற மோதல், விலகுத வேகம் பூச்சியம். அவளுக்கு அடுத்த பக்கத்துப் பாடமே அதுதான்.

"கொள்ளாம்"னா. எங்க ஊர்ல பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட இருந்து இந்த ஒரு சொல்லு வாங்குதது அர்ஜுனா விருதுக்குச் சமம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தாறேன். ஸ்ட்ரைக்கர் சும்மா இருக்கு. காயின் வந்து அதை நேரா முட்டுது, நொடிக்கு 2 மீட்டர். என்ன ஆகும்? சூத்திரம் தேடாதீங்க. நடுவரைக் கண்டுபிடிங்க, ரெண்டு மடங்காக்குங்க, கழிங்க. மைனஸ் வந்தா பயப்படாதீங்க. மைனஸ்னா திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். அதுக்காக என்னை மாதிரி பேயைப் பிடிச்சு வைக்காதீங்க.

மத்தியானம் ஒரு கேம் போட்டோம். ரெட் என் பக்கத்துக் குழி ஓரத்துல நிக்கு, அவளுக்கு அடி. ஸ்ட்ரைக்கரை வச்சவ, உடனே அடிக்கல. போர்டு மேல பரவிக் கிடந்த போரிக் பவுடர்ல விரலால சின்னதா ஒரு அம்புக்குறி போட்டா, என்னையப் பாத்து.

"இந்தப் பக்கம் பிளஸ் மாமா. மறந்துராதீங்க."

ரெட் உள்ள. ஃபாலோ காயினும் உள்ள.

ஸ்ட்ரைக்கர் குழி ஓரம் வரை வந்து நின்னுச்சு. விழல.

சாயங்காலம் ரசவடை என் செலவு.